ரேஸா, கரையோரப் பயணமா? முதலில் எதற்குப் போகலாம்?

புதுப்பாய்:
ஐந்து நாள் டிங்கி (சின்னப் பாய்ப்படகு) வகுப்பு முடித்துவிட்டேன். கவிழ்ந்த படகை நிமிர்த்தத் தெரியும், காற்றுக்கு முகம் காட்டி டாக் அடித்துத் திரும்பத் தெரியும், முதுகு காட்டித் திரும்பும் ஜைப் செய்யும்போது மட்டும் இன்னமும் கண்ணை மூடிக்கொள்கிறேன் (பாயின் அடிக்கட்டையான பூம் ஒரு தடவை காதோரம் உரசிப் போனதிலிருந்து). இப்போது ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு. 30 அடிப் படகில் வாராவாரம் ரேஸ் விடுகிற ஒரு குழுவில் ஜிப் என்கிற முன்பாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வகுப்பில் பழக்கமான ஒரு பெரியவரோ, நான்கு நாள் கரையை ஒட்டியே போய் இரவில் எங்காவது ஒதுக்கமான இடத்தில் நங்கூரம் போட்டுத் தூங்கிவிட்டு வரலாம், வருகிறாயா என்கிறார். (அணியம், அமரம் என்றுதான் பேசுவார், அவர் படகில் முன்பக்கம் பின்பக்கமே கிடையாது.) எனக்கு வேகம் பிடிக்கும், ஆனால் ரேஸ் படகில் ஒரே கத்தல் என்கிறார்கள். கத்தல் கேட்க ஆபீஸே போதும். நீங்களாக இருந்தால் எதற்குப் போவீர்கள்?

ஈரக்கயிறு:
ரேஸுக்கு. பயணம் எங்கேயும் ஓடிவிடாது.

நான் ஆறு வருடம் சும்மா உலாத்திவிட்டுத்தான் ரேஸுக்கு வந்தேன், முதல் நாளே எனக்குப் பாயை வைக்கவே தெரியாது என்று புரிந்தது. தனியாகப் போகும்போது பாய் எப்படி இருந்தாலும் படகு நகரும், தப்பென்று சொல்ல ஆளில்லை. அதே மாதிரிப் படகு ஒன்று, அதே காற்றில், பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நம்மைத் தாண்டிப் போகும் பாருங்கள், அப்போதுதான் உறைக்கும். ஜிப்பின் இரண்டு பக்கமும் சின்னக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். காற்றை எதிர்த்து ஏறும்போது இரண்டும் பின்னோக்கிப் படிந்து ஓட வேண்டும். காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால் கயிற்றை இழுங்கள், மறைவுப் பக்கத்து நூல் துள்ளினால் கொஞ்சம் விடுங்கள். ஒரு சீசன் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தால், அப்புறம் நூல் இல்லாமலே கன்னத்தில் படுகிற காற்றை வைத்துச் சொல்லிவிடுவீர்கள்.

தொடக்கம் இருக்கிறதே, அதற்காகவே போகலாம். 5 நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி, 4 நிமிடத்தில் இன்னொன்று, கடைசி 1 நிமிடத்தில் அந்த இரண்டாவது கொடி இறங்கும். படகுக்கு பிரேக் கிடையாது. எல்லோரும் ஒரே கோட்டுக்கு ஒரே நொடியில் வரப் பார்ப்பார்கள், ஒரு நொடி முந்தினாலும் திரும்பி வந்து மறுபடி தாண்ட வேண்டும். நீங்கள் கேள்விப்பட்ட கத்தல் பாதி அங்கேதான். வலப்புறம் காற்று வாங்கி வருகிற படகுக்கு இடப்புறம் வாங்குகிறவர் வழிவிட வேண்டும், அதனால் "ஸ்டார்போர்டு!" என்று கூவுவார்கள். லாரி ஹாரன் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம்போட்டவன்:
எல்லாம் சரி, ஆனால் ஜிப் ஆள் ரேஸ் முழுக்கப் பார்ப்பது கயிற்றைச் சுற்றி இழுக்கிற ஒரு வின்ச் உருளையையும் அடுத்தவர் முழங்காலையும்தான் என்பதை ஈரக்கயிறு சொல்லவில்லை.

பெரியவரோடு போங்கள். வேகம் பிடிக்கும் என்கிறீர்கள், கனமான 30 அடிப் பயணப் படகு 6-7 நாட் போனாலே அதிகம், அதாவது மணிக்கு 11-13 கிலோமீட்டர், கரையில் சைக்கிளில் போகிறவர் தாண்டிவிடுவார். ஆனால் பாய் ஏற்றியபின் எஞ்சினை நிறுத்துகிற அந்த நொடியில், அதுவரை கேட்காத தண்ணீர்ச் சத்தம் திடீரென்று படகின் இரண்டு பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். அதற்கு ஈடாக எனக்கு இன்னும் ஒன்று கிடைக்கவில்லை.

இரவும் அப்படித்தான். கடல் ஏற்றத்தின்போது ஆழம் 5 மீட்டர் என்றால் 20-25 மீட்டர் நங்கூரச் சங்கிலி விடுவேன். கரையில் இரண்டு விளக்கு ஒரே நேரில் தெரிகிற மாதிரி பார்த்து வைத்துக்கொண்டு படுப்பேன், படகு நகர்ந்தால் விளக்குகள் விலகித் தெரியும். நடுராத்திரி சங்கிலி பாறையில் உரசும் சத்தம் தலையணைக்குள் கேட்கும், எழுந்து போய்ப் பார்த்தால் விளக்குகள் விலகியிருக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், அப்புறம் பார்த்தால் காற்றுதான் திரும்பியிருக்கிறது, படகு சங்கிலியோடு சுற்றியிருக்கிறது. ஒரு தடவை அப்படி எழுந்தபோது துடுப்பைத் தண்ணீரில் விட்டுக் கலக்கினேன், கடலில் ஒளிரும் நுண்ணுயிர்கள் பச்சையாகப் பொறி பறந்தன. விடியும் வரை தூங்கவில்லை.

சோழகம்:
ரேஸ், பயணம் என்று இவ்வளவு கறாராகப் பிரிக்காதீர்கள். முதன்முதலில் தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968-69இல் ஓட்டியது ரேஸ்தான். 32 அடி மரப்படகு, 312 நாள், கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

படகைப் பார்க்காதீர்கள், ஓட்டுகிறவரைப் பாருங்கள். நான் ஏறிய முதல் ரேஸ் படகின் கேப்டன், பாயைச் சுருக்கலாமா என்று கேட்டவரைப் பார்த்துச் சிரித்தார். காற்று இரட்டித்தால் பாய்மேல் அழுத்தம் நான்கு மடங்கு, 10 நாட் காற்றில் சொன்னபடி கேட்ட படகு 20 நாட் காற்றில் பக்கவாட்டில் படுத்துவிட்டது, அவசரத்தில் வின்ச்சில் சுற்றிய கயிற்றுக்கடியில் என் விரல் போய் நகம் கழன்றது. அதனால் இருவரிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பாயை எப்போது சுருக்குவீர்கள்? "அப்போ பார்த்துக்கலாம்" என்றால் அந்தப் படகு வேண்டாம்.

புதுப்பாய்:
கேட்டுவிட்டேன். பெரியவர் "காற்று 15 நாட் தாண்டுவதற்கு முன்னாலேயே" என்றார், கூடவே உயிர்க்காப்பு உடுப்பை அங்கேயே மாட்டிப் பார்க்கச் சொன்னார். ரேஸ் கேப்டனும் நம்பர் சொன்னார், 18, ஆனால் கத்த மாட்டேன் என்று மட்டும் வாக்குத் தர முடியாதாம். நேர்மையான மனிதர், எனக்குப் பிடித்துவிட்டது. இந்த வாரம் பெரியவர், அடுத்த வாரம் ரேஸ். வாந்தி மாத்திரை எப்போது போட வேண்டும்?

ஈரக்கயிறு:
கரையிலேயே, கிளம்புவதற்கு முன். குமட்ட ஆரம்பித்தபிறகு போட்டால் அது நேராக மீனுக்குத்தான்.