ஃபுளோரன்ஸில் இரண்டு நாள்: திங்கட்கிழமையை என்ன செய்வது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் என் தாயாருடன் ரோமிலிருந்து ஃபுளோரன்ஸ் செல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் ரயிலில் போய்ச் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை மாலை வெனிஸுக்குப் புறப்பட வேண்டும்; இந்த நாட்களை மாற்ற வழியில்லை. நாங்கள் முக்கியமாகப் பார்க்க விரும்பும் உஃபிசி ஓவியக்கூடம், தாவீது சிலை இருக்கும் அக்காதெமியா ஆகிய இரண்டுமே திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். எனவே, முழுதாகக் கிடைக்கும் ஒரே நாளில் எதைப் பார்ப்பது, மற்ற இரண்டு அரை நாட்களை எப்படிப் பங்கிடுவது என்பதே என் கேள்வி.

அம்மா ஓவியங்களில் மிகுந்த ஈடுபாடு உடையவர். நன்றாக நடப்பார். ஆனால் முழங்கால் வலி இருப்பதால் அதிகமான படிகளில் ஏற மாட்டார். பேராலயத்தின் குவிமாடத்தில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. அந்த நேரத்தில் அவரைச் சும்மா காத்திருக்க வைக்கவும் மனமில்லை. அங்கே சென்று வந்தவர்களின் ஆலோசனையை எதிர்பார்க்கிறேன்.

முதல் மறுமொழி

வணக்கம். திங்கட்கிழமையைக் குறித்து நீங்கள் கவலைப்படத் தேவையில்லை. பேராலயமும் அதைச் சார்ந்த கட்டடங்களும் அரசு அருங்காட்சியகங்களின் கணக்கில் வருவன அல்ல. அவற்றுக்குத் தனி நிர்வாகம், தனி நேரம். ஆகவே திங்கள் முழுவதையும் பேராலயச் சதுக்கத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஒரு நாளுக்கு வேண்டிய விஷயம் அங்கே தாராளமாக இருக்கிறது.

குவிமாடத்துக்கு மொத்தம் 463 படிகள். மின்தூக்கி கிடையாது. நாள், நேரம் குறித்து முன்பதிவு செய்திருந்தால்தான் உள்ளே விடுவார்கள். குறித்த நேரத்தைத் தவறவிட்டால் மாற்றித் தர மாட்டார்கள். 1296இல் தொடங்கிய பேராலயத்தின் மேல் இவ்வளவு அகலமான வாயை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாத நிலையில், கட்டடக் கலைஞர் ப்ரூனெல்லெஸ்கி 1420இல் வேலையைத் தொடங்கி, தரையிலிருந்து மரச்சாரம் கட்டித் தாங்காமலேயே 1436க்குள் குவிமாடத்தை எழுப்பிவிட்டார். அது முட்டையோடுபோல் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த இரண்டு ஓடுகளால் ஆனது. நீங்கள் ஏறும் படிகள் அந்த இரண்டு ஓடுகளுக்கும் இடையில்தான் செல்கின்றன. மேலே போகப் போகச் சுவர் உங்கள் பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும். அப்போது செங்கற்களைக் கவனியுங்கள்: படுக்கை வரிசைகளுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளிகளில் செங்குத்தாக நிறுத்திய கற்கள் சாய்வாக மேலேறிச் செல்வது தெரியும். சாந்து இறுகும்வரை கற்கள் வழுக்கி விழாமல் பிடித்து நிறுத்தியது அந்த அடுக்குமுறைதான். கட்டுமானத்தின் ரகசியத்தைக் கையால் தொடும் தூரத்தில் பார்க்கக் கிடைக்கும் இடம் என்பதால், மேலிருந்து தெரியும் நகரக் காட்சியைவிட இதையே நான் உயர்வாகச் சொல்வேன்.

நீங்கள் ஏறி இறங்கும் நேரத்தில் அம்மா பேராலய அருங்காட்சியகத்தில் இருக்கலாம். அங்கே மின்தூக்கி உண்டு. பேராலயத்துக்கு எதிரே உள்ள திருமுழுக்கு ஆலயத்தின் வாயிலில் இப்போது இருப்பவை நகல்களே. சிற்பி கிபெர்ட்டி 1425 முதல் 1452 வரை உழைத்துச் செய்த 'சொர்க்க வாசல்' கதவுகளின் மூலம் இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. முதிய வயதில் மைக்கலாஞ்சலோ செதுக்கிப் பாதியில் கைவிட்ட பியெத்தா (இறந்த இயேசுவைத் தாங்கியிருக்கும் காட்சி), தொனத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா மரியாள் ஆகிய சிற்பங்களும் இங்கே உள்ளன. மேல்தளத்தில் உள்ள மாடியிலிருந்து குவிமாடத்தை மிக அருகில் பார்க்கலாம் என்பதால், ஏறவில்லையே என்ற குறை அவருக்கு இருக்காது. உங்களுக்கு ப்ரூனெல்லெஸ்கி பாஸும், அவருக்குக் குவிமாடமும் மணிக்கூண்டும் சேராத கிபெர்ட்டி பாஸும் போதும்.

பிற்பகலில் இரண்டு இடங்கள். மெதிச்சி ரிக்கார்தி மாளிகையின் சிறிய தொழுகையறையில் ஓவியர் கொத்சோலி 1459இல் தீட்டத் தொடங்கிய, குழந்தை இயேசுவைக் காணச் செல்லும் மூன்று ஞானியரின் ஊர்வலம் சுவர் முழுவதும் பரந்திருக்கிறது, திங்களன்று திறந்திருக்கும். பிறகு ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சாந்தா மரியா நொவெல்லா தேவாலயத்தில் ஓவியர் மசாச்சோவின் திரித்துவம். தட்டையான சுவருக்குள் ஒரு மண்டபமே குடைந்திருப்பதுபோல் தோன்றும் அந்தச் சுவரோவியம் ஏறத்தாழ 1427ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சற்றுப் பின்னால் நகர்ந்து, நடுவில் நின்று பாருங்கள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு உஃபிசி, செவ்வாய் காலை திறந்தவுடன் அக்காதெமியா என்று வைத்துக்கொண்டால் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் நீங்கள் செல்வது மாதத்தின் முதல் ஞாயிறு அல்லவே? அன்று அரசு அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம் என்பதால் வரிசை மிக நீளமாக இருக்கும்.

இரண்டாம் மறுமொழி

மேலே நண்பர் சொன்ன திங்கட்கிழமைத் திட்டம் எனக்கு முழு உடன்பாடு. உஃபிசியை ஞாயிறு பிற்பகலில் வைப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. ரயிலிலிருந்து இறங்கி, விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடிச் சென்று பார்க்கக்கூடிய இடம் அல்ல அது. ஓவியத்தை விரும்பும் ஒருவரை அங்கே களைப்போடு அழைத்துச் செல்வது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றே கருதுகிறேன். செவ்வாய் காலை 8.15க்கு, திறக்கும் நேரத்திலேயே, உஃபிசிக்குள் செல்லுங்கள். அக்காதெமியா சிறிய இடம். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் அதற்குத் தாராளம். தாவீதை நோக்கிச் செல்லும் கூடத்தின் இருபுறமும் கல்லுக்குள்ளிருந்து பாதி வெளிவந்த நிலையில் நிற்கும் கைதிகள் சிலைகளைக் கடந்து போய்விடாதீர்கள். 5.17 மீட்டர் உயரமுள்ள தாவீதை மைக்கலாஞ்சலோ எப்படி வெளியே கொண்டுவந்திருப்பார் என்பதை அவற்றில் பதிந்துள்ள உளித்தடங்களே காட்டிக்கொடுக்கும்.

உஃபிசியில் எல்லா அறைகளையும் பார்த்தே தீர வேண்டும் என்று எண்ணாதீர்கள். மேல்தளத்தில் தொடக்க அறைகளில் சீமாபுவே, தூச்சோ, ஜோத்தோ ஆகிய மூவரும் வரைந்த அரியணையில் அமர்ந்த அன்னை மரியாளின் மூன்று பெரிய ஓவியங்கள் ஒன்றாக இருக்கின்றன. கூட்டம் போத்திச்செல்லியை நோக்கி விரையும். நீங்கள் இங்கே கால்மணி நேரம் நின்றுவிட்டுச் செல்லுங்கள். சீமாபுவேயின் ஓவியத்தில் அன்னையின் உடை தங்கக் கோடுகளாக மடிகிறது. ஜோத்தோவின் ஓவியத்திலோ துணிக்குக் கீழே முழங்கால்கள் இருப்பது தெரிகிறது; அன்னை உண்மையிலேயே எடையோடு அமர்ந்திருக்கிறார். அடுத்த இருநூறு ஆண்டுகளில் இந்த நகரம் செய்த ஓவியங்களுக்கெல்லாம் விதை அந்த முழங்கால்களில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதன்பின் போத்திச்செல்லியின் வீனஸின் பிறப்பு, வசந்தம், லியோனார்தோவின் மங்கள வார்த்தை (வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் காட்சி), மைக்கலாஞ்சலோவின் வட்ட ஓவியம், கீழ்த்தளத்தில் காரவாஜ்ஜோவின் ஓவியங்கள். இவ்வளவே ஒரு காலைக்குப் போதுமானது. அங்கும் மின்தூக்கி இருக்கிறது. பெரிய பைகளை நுழைவிடத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

இவற்றில் பல இன்றும் இதே நகரத்தில் இருப்பதற்குக் காரணம் ஃபுளோரன்ஸை ஆண்ட மெதிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசா. 1737இல் செய்த ஒப்பந்தத்தின் வழியாக, குடும்பத்தின் சேகரிப்பில் ஒன்றுகூட ஃபுளோரன்ஸை விட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் அனைத்தையும் அரசுக்குக் கொடுத்தார். அம்மாவுக்கு இதைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாம் மறுமொழி

பயண ஏற்பாடு பற்றிச் சில வார்த்தைகள் மட்டும். பழைய நகரத்தில் பல விடுதிகள் பழங்கால மாளிகைகளின் மேல்மாடிகளில் இயங்குகின்றன. மின்தூக்கி உண்டா, அது தெருமட்டத்திலிருந்தே தொடங்குகிறதா என்று இப்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அறை வாடகை போக, ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் செலுத்த வேண்டும். தெருக்கள் கல் பாவியவை என்பதால் அம்மாவுக்குத் தடித்த அடிப்பாகம் உள்ள காலணி அவசியம். தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். ஒரு மெல்லிய சால்வை கைவசம் இருக்கட்டும். காப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் அதைவிடக் கூடுதல் விலை. இது எல்லோருக்கும் பொதுவான வழக்கம். கார் வாடகைக்கு எடுக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். மையப் பகுதி போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் நுழையும் வண்டியைக் கேமரா படம் பிடித்து, அபராதம் பின்னர் தேடி வரும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் செல்வது இரண்டாம் ஞாயிறுதான். அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஜோத்தோவின் ஓவியத்தைத் தெளிந்த மனதோடு பார்க்க வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டதால், உஃபிசியைச் செவ்வாய் காலைக்கும் அக்காதெமியாவை ஞாயிறு மாலை நான்கு மணிக்கும் பதிவு செய்யப்போகிறேன். திங்களன்று குவிமாடத்துக்குக் காலை நேரமே நல்லதா? செவ்வாய் மதியத்துக்குப் பிறகு ரயிலுக்குமுன் மூன்று மணி நேரம் மிச்சமிருக்கிறது. அதற்கும் ஏதேனும் சொல்லுங்கள்.

முதல் மறுமொழி எழுதியவர்

காலையே நல்லது, படிவழி குறுகலானது, கூட்டம் சேர்ந்தால் நின்று நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். உஃபிசி பற்றி இரண்டாமவர் சொன்னதே சரி, என் யோசனையைவிட அது உங்களுக்குப் பொருந்தும். மிச்சமிருக்கும் மூன்று மணி நேரத்துக்குச் சாந்தா குரோச்சே செல்லுங்கள். மைக்கலாஞ்சலோ, கலிலேயோ, மக்கியவெல்லி ஆகியோரின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. 1966 நவம்பர் 4ஆம் தேதி ஆர்னோ ஆற்றின் வெள்ளத்தில் பெரிதும் சிதைந்த, சீமாபுவே தீட்டிய சிலுவையும் அங்கேதான் இருக்கிறது. நிறம் உதிர்ந்துபோன இடங்கள் இன்றும் தெரியும்; காலையில் உஃபிசியில் அவர் வரைந்த அன்னையைப் பார்த்த கையோடு இதைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். உஃபிசியிலிருந்து மெதுவாக நடந்தாலும் பத்து நிமிடத்தில் போய்விடலாம். பெட்டிகளை விடுதியிலேயே விட்டுவைத்து, அவற்றை எடுத்துக்கொண்டு ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்கும்படி டாக்சிக்குச் சொல்லிவிடுங்கள்.