4-4-2: ரெண்டு ஸ்ட்ரைக்கரும் ஒரே கோட்டுல நிக்கிறாங்க, பந்து வரவே மாட்டேங்குது

அஸ்தம்பட்டி_9:
ஃபுட்பால் மேனேஜர் 24, அதாவது டீமை நாமளே நடத்துற கம்ப்யூட்டர் கேம். லீக் டூ (இங்கிலாந்தோட நாலாவது டிவிஷன்) அணி, 4-4-2 (4 டிஃபெண்டர், 4 மிட்ஃபீல்டர், 2 ஸ்ட்ரைக்கர்), மென்டாலிட்டி பாசிட்டிவ். இடது பக்கம் அட்வான்ஸ்டு ஃபார்வர்ட் (டிஃபென்ஸைத் தாண்டி ஓடுறவன்), வலது பக்கம் போச்சர் (கோல் பக்கத்துல காத்திருந்து அடிக்கிறவன்). ரெண்டு பேருக்கும் ஃபினிஷிங் 20-க்கு 14, அந்த டிவிஷனுக்கு அது தாராளம். 12 மேட்ச் முடிஞ்சுது. முதல் ஆள் 7 கோல், போச்சர் 1. போச்சர் ஒரு மேட்ச்சுக்கு 15 தடவை பந்தைத் தொட்டாலே பெருசு. நடுவுல ஒரு சென்ட்ரல் மிட்ஃபீல்டர் டிஃபெண்ட் ட்யூட்டி (தற்காப்பு வேலை), ஒரு பாக்ஸ் டு பாக்ஸ் (மேலயும் கீழயும் ஓடுறவன்). விங்கர் ரெண்டு பேரும் அட்டாக் ட்யூட்டி. பின்னாடி இருந்து தூக்கி அடிக்கிற பந்தெல்லாம் எதிரணிக்கே போகுது. போச்சரை வித்துட்டு வேற ஆள் பார்க்கட்டுமா, ரோலை மாத்தினா போதுமா?

ஏற்காடு_மூடுபனி:
விக்காதீங்க தம்பி, ஆள் மேல தப்பில்ல. போச்சர், அட்வான்ஸ்டு ஃபார்வர்ட் ரெண்டுமே அட்டாக் ட்யூட்டியில மட்டும் வர்ற ரோல். ரெண்டு பேரும் கடைசி டிஃபெண்டர் தோளை ஒட்டியே நிப்பாங்க. உங்க நடுக்களத்துக்கும் அவங்களுக்கும் நடுவுல மைதானமே காலியாக் கிடக்கும். சேலத்துல தட்டுவடை செட்டு கேட்டவனுக்கு காய், சட்னி எதுவும் வைக்காம வெறும் ரெண்டு தட்டுவடையை நீட்டின கதைதான்.

நம்பலைன்னா ஏதாவது ஒரு மேட்ச்சோட அனாலிசிஸ்ல சராசரி நிலை படத்தைத் திறங்க. பந்து நம்மகிட்ட இருக்கும்போது ரெண்டு ஸ்ட்ரைக்கரோட 9-ம் 10-ம் நம்பர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குதான்னு பாருங்க. அடுத்து பாஸ் மேப் (யார் யாருக்குப் பந்து குடுத்தாங்கன்னு காட்டுற படம்). ரெண்டு பேருக்கும் நடுவுல கோடே இல்லன்னா அது ஜோடியே இல்ல, பக்கத்துல பக்கத்துல நிக்கிற ரெண்டு தனி ஆள்.

ஒருத்தனை டீப் லையிங் ஃபார்வர்ட் சப்போர்ட்டா இறக்குங்க. அவன் பின்னாடி வந்தா சென்டர் பேக் முழிப்பான்: கூடவே போனா பின்னாடி ஓட்டை, போகலைன்னா நம்மாளு திரும்பி நின்னு பந்து குடுப்பான். அந்த ஓட்டையிலதான் அட்வான்ஸ்டு ஃபார்வர்ட் ஓடணும். இந்த வேலைக்கு ஃபினிஷிங்கைப் பார்க்காதீங்க. ஃபர்ஸ்ட் டச், பாஸிங், டிசிஷன்ஸ், டீம்வொர்க், ஆஃப் தி பால் (பந்து இல்லாதப்போ நகர்ற திறமை), இந்த அஞ்சும்தான். லீக் டூவுல 11, 12 இருந்தாலே ஓடும்.

விங்கரையும் கவனிங்க. கீழே இறங்குற ஸ்ட்ரைக்கர் பக்கத்து விங்கர் அட்டாக்லயே இருக்கட்டும், காலியான இடத்துக்குள்ள அவன் ஓடுவான். மறுபக்க விங்கரை சப்போர்ட்டுக்கு மாத்துங்க. அட்வான்ஸ்டு ஃபார்வர்டுக்கு பந்து குடுக்கவும் ஆள் வேணும்ல.

கோரிமேடு_கோலி:
மேல சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். 4-4-2-ன்னாலே டீப் லையிங்தான்னு ஒரு பழக்கம் வந்துருச்சு. தூக்கி அடிக்கிற டீம்னா டார்கெட் ஃபார்வர்ட் (உயரப் பந்தை வாங்கி மத்தவங்களுக்குத் தர்றவன்) சப்போர்ட்டும் அதே இடத்தை நிரப்பும். எல்லாரும் ஏமார்ற இடம் இதுதான்: ஹெடிங் 16-ன்னு பார்த்து வாங்குவாங்க, ஜம்பிங் ரீச் 9 இருக்கும். ஹெடிங்ங்கிறது தலை பட்ட பிறகு பந்து எங்க போகுதுங்கிற சமாச்சாரம். பந்து தலைக்கு எட்டுமான்னு சொல்றது ஜம்பிங் ரீச். அதோட ஸ்ட்ரெங்த்தும் வேணும். அப்படி ஒருத்தன் கிடைச்சா கோல்கீப்பர் டிஸ்ட்ரிபியூஷனை டார்கெட் ஃபார்வர்டுக்குன்னு வச்சுடுங்க.

அஸ்தம்பட்டி_9:
நன்றிங்க ரெண்டு பேருக்கும். போச்சரோட நம்பர்: ஃபர்ஸ்ட் டச் 12, பாஸிங் 8, டிசிஷன்ஸ் 10, டீம்வொர்க் 13, வொர்க் ரேட் 15, ஜம்பிங் ரீச் 7. அட்வான்ஸ்டு ஃபார்வர்டுக்கு ஆக்ஸிலரேஷன் 15, பேஸ் 14. ஆனா அவன்கிட்ட ‘பந்து வாங்க கீழே இறங்குவான்’ங்கிற ட்ரெய்ட் (ஊறிப்போன பழக்கம்) இருக்கு.

ஏற்காடு_மூடுபனி:
அப்போ டார்கெட் ஃபார்வர்ட் பேச்சுக்கே இடமில்ல, ஜம்பிங் 7. பாஸிங் 8-ஐ வச்சுக்கிட்டு டீப் லையிங்கும் இழுபறிதான். வொர்க் ரேட் 15, டீம்வொர்க் 13 இருக்கே, ப்ரெஸ்ஸிங் ஃபார்வர்ட் (எதிரணியைத் துரத்திப் பந்தைப் பிடுங்குறவன்) சப்போர்ட் போடுங்க. 2015-16-ல லெஸ்டர் இங்கிலாந்து பிரீமியர் லீக் பட்டம் வாங்கினப்போ அவங்க மேனேஜர் ரனியேரி வச்சிருந்தது கிட்டத்தட்ட இதே ஜோடி. வார்டி லீக்ல 24 கோல், ஒகாசாகி வெறும் 5. ஒகாசாகியை கோல் கணக்கை வச்சு எடை போட்டிருந்தா பாதி சீசன்ல பெஞ்சுக்குப் போயிருப்பார். உங்க போச்சரையும் இனிமே அவன் மீட்டு எடுக்கிற பந்தை வச்சுப் பாருங்க. ஒண்ணு, இந்த ரோல் ஆளைப் பிழிஞ்சு எடுத்துடும். 65-வது நிமிஷம் வாக்குல மாத்த பெஞ்சுல இன்னொருத்தன் வேணும்.

அந்த ட்ரெய்ட்தான் தொந்தரவு. அட்டாக் ட்யூட்டி குடுத்தாலும் அவன் கீழே வருவான், மேல ஒருத்தனும் இருக்க மாட்டான். கோச்கிட்ட சொல்லி அதை மறக்கடிக்கிற ட்ரெய்னிங் போடுங்க, மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் ப்ரெஸ்ஸிங் ஃபார்வர்டை அவனுக்கு ரொம்பக் கீழே விடாதீங்க.

கோரிமேடு_கோலி:
டிஃபென்ஸ் பத்தி யாரும் பேசலையே. 4-4-2-ல எதிரணியோட டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர் சும்மா நின்னு பந்து வாங்குவான், அவன் மூலமாத்தான் ஆட்டமே ஓடும். ப்ரெஸ்ஸிங் ஃபார்வர்டோட தனி இன்ஸ்ட்ரக்‌ஷன்ல போய் அந்தப் பொசிஷனை மார்க் பண்ணச் சொல்லுங்க. எதிரணி அந்த இடத்துல ஆள் வைக்கலைன்னா அந்த மேட்ச்சுக்கு எடுத்துடுங்க.

பாக்ஸுக்குள்ளயே 10 பேரை அடைச்சு உட்காருற டீம் வந்தா பாஸ் இன்டு ஸ்பேஸை (காலி இடத்துக்குப் பந்தைத் தள்ளுற இன்ஸ்ட்ரக்‌ஷனை) அணைங்க. டிஃபென்ஸுக்குப் பின்னாடி இடமே இல்லாதப்போ அந்த பாஸ் நேரா கோல்கீப்பர் கைக்குத்தான் போகும். டெம்போவை (ஆட்ட வேகத்தை) ஒரு படி குறைச்சு, கிராஸைத் தாழ்வா அடிக்கச் சொல்லுங்க. உங்க ஆளுங்க உயரத்துக்கு மேல தூக்கிப் பிரயோஜனமில்ல.

ஏற்காடு_மூடுபனி:
எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாதீங்க. எது வேலை செஞ்சுதுன்னே தெரியாது, டாக்டிக் ஃபெமிலியாரிட்டியும் (டீமுக்கு அந்த ஆட்டமுறை பழகின அளவும்) இறங்கும். முதல்ல ரோல், 5 மேட்ச் விட்டு விங்கர். கோலை எண்ணாம ஒரு ஷாட்டுக்கு எக்ஸ்ஜி (அது கோலாகுற வாய்ப்பு) எவ்வளவுன்னு பாருங்க. 12 மேட்ச்ல 7 கோல்ங்கிறது கூட அதிர்ஷ்டமா இருக்கலாம்.

2025 நவம்பர்ல வந்த ஃபுட்பால் மேனேஜர் 26-க்கு மாறுறதா இருந்தா, அங்க ட்யூட்டியே கிடையாது. பந்து இருக்கும்போது ஒரு ரோல், இல்லாதப்போ வேற ரோல். இங்க படிச்சதை அப்படியே அங்க போட முடியாது, ஒருத்தன் இறங்க ஒருத்தன் ஓடங்கிற கணக்கு மட்டும் அங்கயும் அதேதான்.

அஸ்தம்பட்டி_9:
ரோல் மாத்திட்டேன். இடது விங்கர் இப்போதைக்கு அட்டாக்லயே. 5 மேட்ச் ஆனதும் சராசரி நிலை படத்தைப் போடுறேன்.