குட்டியின் டயப்பர் ஏன் கசிகிறது?

குழு: குட்டி வந்தாச்சு

செவ்வாய்க்கிழமை

யாழினி [5:42]: யாராவது விழித்திருக்கிறீர்களா? மூன்றாவது நாளாகப் படுக்கை நனைந்துவிட்டது. குட்டியின் பனியன், விரிப்பு, என் நைட்டி, எல்லாம் ஈரம்.

யாழினி [5:43]: போட்டு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே உறிஞ்சுகிற துணிப் பட்டை, அதுதான் இன்சர்ட், இரண்டு வைத்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் முன்பக்கம் மட்டும் சொதசொதவென்று இருக்கிறது. பின்பக்கம் பாதிக்கு மேல் காய்ந்த துணி!

அம்மா [5:50]: நான் அப்போதே சொன்னேன், பழைய பருத்தித் துணியைக் கட்டி விடு என்று.

யாழினி [5:51]: இதுவும் துணிதான் அம்மா.

அம்மா [5:53]: இது துணியா? உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ, வெளியே பிளாஸ்டிக். பட்டன் வேறு நட்சத்திரம் மாதிரி நிறைய. எதை எதில் மாட்டுவது என்றே எனக்குப் புரிவதில்லை.

செந்தில் அண்ணா [6:10]: விடிந்ததும் மூச்சா செய்தி. பல் துலக்கிவிட்டு வருகிறேன்.

அண்ணி [6:14]: யாழினி, ஈரம் எங்கே தெரிந்தது? தொடை ஓரமா, வயிற்றுப் பக்கமா, முதுகா?

யாழினி [6:15]: இரண்டு தொடை ஓரமும். வயிற்றுப் பக்கம் கொஞ்சம்.

அண்ணி [6:19]: முன்பக்கம் உயரத்துக்கு மூன்று வரிசைப் பட்டன் இருக்குமே, எதில் போட்டிருக்கிறாய்?

யாழினி [6:20]: நடு வரிசை. இரண்டாம் மாதம் போட்டது. மாற்றவே இல்லை.

அண்ணி [6:24]: இப்போது ஐந்து மாதம் முடிந்துவிட்டதே! அடுத்த வரிசைக்கு மாற்று. கால் எலாஸ்டிக் தொடை மேல் நிற்கக் கூடாது, ஜட்டியின் ஓரம் வரும் இடத்தில், தொடை இடுக்கில் போய் உட்கார வேண்டும். இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு விடு. அப்புறம் சுற்றிலும் விரலை ஓட்டிப் பார். இன்சர்ட் துணி அந்த பிளாஸ்டிக் கவருக்கு வெளியே நூலளவு எட்டிப் பார்த்தாலும் போதும், பனியன் அதிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

யாழினி [6:25]: சரி அண்ணி, இப்போதே பார்க்கிறேன்.

பெரியம்மா [7:30]: எங்கள் காலத்தில் இவ்வளவு ஆராய்ச்சி கிடையாது. நனைந்தால் மாற்றுவோம், மறுபடி நனைந்தால் மறுபடி மாற்றுவோம். கொடி முழுக்கத் துணி தொங்கும். மழைக்காலத்தில்தான் உயிர் போகும்.

செந்தில் அண்ணா [7:34]: அந்தத் துணிகளை யார் துவைத்தார்கள் பெரியம்மா? பெரியப்பாவா?

பெரியம்மா [7:35]: அவர் குழந்தையைத் தூக்குவதே காய்ந்திருந்தால்தான்.

யாழினி [9:58]: அண்ணி, நீங்கள் சொன்னபடி மாற்றினேன். இடுக்கில் அழகாக உட்கார்ந்தது, இடைவெளியே இல்லை. ஐம்பது நிமிடம். மறுபடியும் தொடை ஓரம் ஈரம்.

அண்ணி [10:03]: அப்படியானால் அளவு மட்டும் பிரச்சினை இல்லை. மடியில் வைத்திருந்தாயா? மைக்ரோஃபைபர், அந்தச் செயற்கை இழை இன்சர்ட், வேகமாக உறிஞ்சும், ஆனால் அழுத்தினால் ஸ்பாஞ்சு மாதிரி கக்கிவிடும். அதைத் தனியாக வைத்தால் தூக்கி வைத்திருக்கும்போதும் கார் சீட்டிலும் கசியும். கீழே ஒரு மூங்கில் அல்லது பருத்தி இன்சர்ட் வை.

யாழினி [10:05]: வைத்திருக்கிறேனே. மேலே மைக்ரோஃபைபர், கீழே மூங்கில். ஒரு மாதமாக அப்படித்தான். பத்து நாள் முன்புவரை இதே டயப்பர் மூன்று மணி நேரம் தாங்கியது.

அண்ணி [10:06]: மூங்கில் இன்சர்ட் புதிதா? புதுசு என்றால் ஐந்தாறு முறை துவைத்த பிறகுதான் முழுசாக உறிஞ்சும்.

யாழினி [10:07]: பாதி நீங்கள் கொடுத்தது. உங்கள் மகள் நிலா போட்டது. எத்தனை முறை துவைத்திருப்பீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

அண்ணி [10:09]: அதுவும் சரிதான். ஒன்று செய். துவைத்துக் காய்ந்த இன்சர்ட்டைத் தரையில் விரித்து, ஒரு ஸ்பூன் தண்ணீரை மேலே ஊற்று. என்ன ஆகிறது என்று வீடியோ எடுத்துப் போடு.

யாழினி [10:21]: (வீடியோ, 0:17)

யாழினி [10:21]: பார்த்தீர்களா? தாமரை இலையில் விட்ட மாதிரி உருண்டு நிற்கிறது! சாய்த்தால் அப்படியே ஓடுகிறது. பதினைந்து நொடி ஆகியும் உள்ளே இறங்கவில்லை.

செந்தில் அண்ணா [10:24]: இதை ரெயின்கோட்டாக விற்கலாம்.

அண்ணி [10:26]: கிடைத்துவிட்டது. துணி மேல் ஏதோ பூச்சு படிந்திருக்கிறது. மூச்சா வந்து விழுகிறது, உள்ளே இறங்க வழியில்லாமல் ஓரமாக வழிந்து வெளியே போகிறது. அதனால்தான் பின்பக்கம் காய்ந்திருந்தது. க்ரீம் தடவுகிறாயா?

யாழினி [10:28]: எப்போதாவது. தடிப்பு இருந்தால் மட்டும்.

அண்ணி [10:30]: துத்தநாக க்ரீம், வாசலைன் மாதிரியானவை அப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். ஆனால் க்ரீம் என்றால் பட்ட இடத்தில் மட்டும்தான் தண்ணீர் உருளும். வேறு இரண்டு இன்சர்ட்டில், ஓரத்தில், நடுவில், எல்லா இடத்திலும் ஊற்றிப் பார்.

யாழினி [10:41]: ஐந்து இன்சர்ட் பார்த்தேன். மேல், கீழ், ஓரம் எல்லாம் ஒரே கதை. க்ரீமே படாத புது மூங்கில்கூட.

அண்ணி [10:42]: அப்படியானால் துவைப்பதில்தான் ஏதோ நடக்கிறது. யார் துவைக்கிறார்கள்?

யாழினி [10:43]: கார்த்திக்.

யாழினி [10:43]: @கார்த்திக்

செந்தில் அண்ணா [10:50]: இரண்டு நீல டிக் வந்துவிட்டது. மச்சான் படித்துவிட்டார்.

செந்தில் அண்ணா [11:15]: மச்சான் மௌனமாக இருக்கிறார். வழக்கு வலுக்கிறது.

கார்த்திக் [1:05]: மீட்டிங்கில் இருந்தேன். மிஷினில் சோப்புத் தூளும், கூட வாசனைக்காகக் கொஞ்சம் ஃபேப்ரிக் கண்டிஷனரும் போடுகிறேன். அது தப்பா அக்கா?

அண்ணி [1:06]: எத்தனை நாளாக?

கார்த்திக் [1:07]: ஒரு பத்து நாள் இருக்கும்.

யாழினி [1:07]: பத்து நாள்!!!

அண்ணி [1:12]: அதுதான் குற்றவாளி. கண்டிஷனர் துணியை மென்மையாக்குவதே நூல் மேல் மெல்லிய படலமாகப் படிந்துதான். சட்டைக்குப் பரவாயில்லை. உறிஞ்ச வேண்டிய துணிக்கு அதுவே எமன். ஆனால் எதற்குத் திடீரென்று போட ஆரம்பித்தீர்கள்?

கார்த்திக் [1:15]: நாற்றம் அக்கா. காலையில் டயப்பர் பக்கெட்டைத் திறந்தால் கண் எரியும். துவைத்து மடித்த டயப்பர்கூட, குட்டி ஒருமுறை மூச்சா போனதும் குப்பென்று அடிக்கும். வாசனையாக இருக்கட்டும் என்று போட்டேன். நல்லெண்ணத்தில் செய்தது!

அண்ணி [1:19]: கண் எரிவது அமோனியா. மூச்சாவில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைத்து அமோனியா ஆக்கும். இரவு முழுக்க மூடிய பக்கெட்டில் அது கொஞ்சம் வருவது சகஜம். துவைத்த துணியில் நனைந்த உடனே வருகிறது என்றால், துணி சுத்தமாகவே இல்லை என்று அர்த்தம். சோப்புத் தூள் எவ்வளவு போடுகிறீர்கள்?

கார்த்திக் [1:20]: அரை ஸ்பூன்.

அண்ணி [1:20]: அரை ஸ்பூனா!! ஒரு மிஷின் டயப்பருக்கு?

கார்த்திக் [1:22]: குழந்தைத் துணிக்கு சோப்பு அதிகம் ஆகாது, தோல் தாங்காது என்று சொன்னார்கள்.

அண்ணி [1:22]: யார்?

கார்த்திக் [1:26]: பெரியவர்கள்.

அம்மா [1:31]: மாப்பிள்ளை, நான் அவன் சட்டைக்குச் சொன்னேன். மூச்சாத் துணிக்கா சொன்னேன்?

செந்தில் அண்ணா [1:33]: அம்மா சொன்னதால் சோப்பு குறைந்தது. சோப்பு குறைந்ததால் நாற்றம் வந்தது. நாற்றம் வந்ததால் கண்டிஷனர் வந்தது. கண்டிஷனர் வந்ததால் யாழினியின் நைட்டி நனைந்தது. தீர்ப்பு: குட்டி நிரபராதி.

அம்மா [1:34]: நீ சும்மா இரு.

அண்ணி [1:48]: யாரையும் குறை சொல்ல வேண்டாம் அத்தை. நிலாவுக்கு நானும் இதே பயத்தில் சோப்பைக் குறைத்து, அவளுக்குப் புண் வந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன். தோலைக் கெடுப்பது துணியில் தங்கும் அழுக்கும் அலசாத சோப்பும்தான். தேவையான அளவு போட்டு, நன்றாக அலசினால் ஒன்றும் ஆகாது. கார்த்திக், இன்று இப்படிச் செய்யுங்கள். கவர்களைத் தனியே எடுத்துவிடுங்கள், அதிகச் சூட்டில் அந்த லேமினேஷனும் எலாஸ்டிக்கும் கெட்டுப்போகும். இன்சர்ட்டுகளை மட்டும் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று, மூச்சா போகட்டும். அப்புறம் 60 டிகிரியில், பெட்டியில் ரொம்ப அழுக்கான துணிக்கு என்று போட்டிருக்கும் அளவு சோப்போடு நீளமான சுற்று. மிஷினில் முக்கால் பாகம் இருக்கட்டும். திணித்தாலும் வெளுக்காது, நாலே நாலு போட்டாலும் ஒன்றோடொன்று உரசாமல் சரியாக வெளுக்காது. கடைசியில் கூடுதலாக ஓர் அலசல். காய்ந்ததும் அதே ஸ்பூன் சோதனை. இறங்காவிட்டால் மறுபடி ஒரு முறை. கண்டிஷனர் பாட்டிலை கண்ணில் படாத இடத்தில் வையுங்கள்.

கார்த்திக் [1:50]: உப்புத் தண்ணீர் அக்கா எங்களுக்கு. அதனால் ஏதாவது?

அண்ணி [1:53]: ஆமாம், அதற்கு சோப்பு இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் படிந்து துணி அட்டை மாதிரி விறைக்கும்.

யாழினி [1:55]: எல்லா இன்சர்ட்டும் மிஷினில் என்றால் காயும்வரை குட்டிக்கு என்ன போடுவது?

பெரியம்மா [2:02]: இப்போது வருகிறீர்களா என்னிடம்!

பெரியம்மா [2:03]: (குரல் பதிவு, 1:48)

யாழினி [2:10]: பெரியம்மா சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், இரவில் குரல் பதிவு கேட்க முடியாது. "சதுரத் துணியை நாலாக மடித்து, விளிம்பு நான்கும் தனித்தனியாகத் திறக்கிற மூலையைப் பிடி. மேல் மடிப்பை மட்டும் பக்கவாட்டில் இழுத்தால் முக்கோணம் வரும். அப்படியே திருப்பிப் போடு. மீதி இருக்கும் சதுரத்தை மூன்று விரல் அகலத்தில் உள்ளே உள்ளே மடித்துக்கொண்டு வா. நடுவில் பட்டையாக ஒரு மெத்தை வரும். பையன் என்றால் அந்த மெத்தையின் நுனியை முன்னால் இன்னொரு மடிப்பு மடி. எல்லாம் முன்னால்தான் வரும்."

அண்ணி [2:13]: அருமை பெரியம்மா. அதன் மேல் கவரை மட்டும் போட்டால் போதும் யாழினி. இதில் இன்னொரு லாபம், விரித்தால் ஒற்றைத் துணி, சீக்கிரம் காய்ந்துவிடும். தடித்த இன்சர்ட் ஒரு நாள் பூராவும் காயும்.

பெரியம்மா [2:16]: கவர் கிடைத்தால் நாங்கள் ஏன் ஊக்கு குத்தியிருக்கப் போகிறோம்? குழந்தைக்குக் குத்தக் கூடாது என்று என் கையை உள்ளே விட்டு, ஊக்கு என் விரலில்தான் ஏறும். இடது ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு.

செந்தில் அண்ணா [2:20]: அதே கடுப்பில்தான் ஓர் அம்மா கவரைக் கண்டுபிடித்தார் பெரியம்மா. மேரியன் டோனோவன் என்று அமெரிக்காவில். குளியலறைத் திரையை வெட்டித் தைத்து முதல் கவரைச் செய்தார். ஊக்குக்குப் பதில் பட்டன் வைத்தார். 1951இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

பெரியம்மா [2:22]: 1951லேயே இருந்ததா? எனக்கு யாருமே சொல்லவில்லை!

கார்த்திக் [6:40]: முதல் சுற்று முடிந்தது. தண்ணீரைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நுரையும் சாம்பல் நிறமும். இரண்டாவது சுற்று ஓடுகிறது. டிரையரில் போட்டு விடட்டுமா, சீக்கிரம் காயும்?

அண்ணி [6:46]: கொடியில் போடுங்கள். 2008இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை ஒரு கணக்குப் போட்டது. துணி டயப்பரால் சுற்றுச்சூழலுக்கு லாபமா நட்டமா என்பது நாம் துவைப்பதைப் பொறுத்தது என்று வந்தது. அதிகச் சூடும் டிரையரும் என்றால் யூஸ் அண்ட் த்ரோவைவிட மோசமாகக்கூடப் போகலாம். நிறைய சேர்த்துத் துவைத்து, வெளியே உலர்த்தி, இரண்டாவது குழந்தைக்கும் அதையே போட்டால்தான் உண்மையான லாபம். 60 டிகிரி இந்த வைத்தியத்துக்காகச் சொன்னேன், தினமும் வேண்டாம்.

செந்தில் அண்ணா [6:48]: நிலாவின் டயப்பரைக் குட்டிக்குக் கொடுத்த புண்ணியம் எங்களுக்கு.

யாழினி [6:50]: அதில் நாலு டயப்பருக்கு எலாஸ்டிக் தொளதொளவென்று ஆகிவிட்டது அண்ணா. அதுவும் உங்கள் புண்ணியம்தான்.

யாழினி [6:52]: அண்ணி, கொஞ்சம் சிவந்திருக்கிறது. கண்டிஷனராலா?

அண்ணி [6:55]: இருக்கலாம், ஈரத்தாலும் இருக்கலாம். கொஞ்ச நேரம் டயப்பர் இல்லாமல் காற்றாட விடு. இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பரவினாலோ டாக்டரிடம் காட்டு, நீயாக எதுவும் தடவாதே. இன்று இரவுக்கு யூஸ் அண்ட் த்ரோ போட்டுவிட்டுத் தூங்கு. நான் நிலாவுக்கு ஒரு மாதம் முழுக்க இரவில் அதைத்தான் போட்டேன். தூங்காத அம்மாவைவிட ஒரு டயப்பர் குப்பை பெரிதில்லை.

அம்மா [6:57]: இதை முதலில் சொல்லியிருந்தால் காலையிலிருந்து இத்தனை கூத்து எதற்கு?

புதன்கிழமை

கார்த்திக் [4:30]: (வீடியோ, 0:04)

கார்த்திக் [4:30]: ஸ்பூன் சோதனை! ஊற்றியதும் குடித்துவிட்டது!

யாழினி [4:34]: ஒரு மைக்ரோஃபைபர் மட்டும் இன்னும் கொஞ்சம் தயங்குகிறது. அதற்கு இன்னொரு சுற்று. மற்ற எல்லாம் சரி. பக்கெட் நாற்றமும் பாதியாகக் குறைந்துவிட்டது. இன்றைக்குத் துணி டயப்பர்தான் போடப் போகிறேன்.

வியாழக்கிழமை

யாழினி [6:05]: இரவு பத்தரைக்குப் போட்டேன். இரண்டு மணிக்குப் பால் குடிக்க எழுந்தான், மாற்றினேன். கனமாக இருந்தது, பின்பக்கம் வரை நனைந்திருந்தது, ஆனால் வெளியே ஒரு சொட்டு இல்லை. விரிப்பு காய்ந்திருக்கிறது. என் நைட்டியும்!

பெரியம்மா [6:20]: சந்தோஷம். என் மடிப்பைத்தானே போட்டாய்?

யாழினி [6:22]: பகலில் அதுதான் பெரியம்மா. கார்த்திக்கே மடிக்கிறார். முக்கோணம் இன்னும் கோணலாகத்தான் வருகிறது.

கார்த்திக் [6:31]: அக்கா, கண்டிஷனர் பாட்டில் முக்கால் இருக்கிறது. என்ன செய்வது?

அம்மா [6:38]: எனக்குக் கொடுத்துவிடுங்கள் மாப்பிள்ளை. நான் துண்டுகளுக்கெல்லாம் அதைத்தான் போடுகிறேன்.

அம்மா [6:41]: மருமகளே மீனா, ஒரு நிமிஷம். என் துண்டு நாலு மாதமாகத் தலையே துவட்ட மாட்டேன் என்கிறதே. அதுவும் இதனாலா?