சால்மனை எண்ணும் முறைகள் ஒகேனக்கல் மஹ்சீருக்கு ஒத்துவருமா?

பென்னாகரம்_ஆறு:
ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு ஆற்றிலும் எவ்வளவு சால்மன் மீன் இருக்கிறது என்று கணக்கிட்டு, 2016 முதல் ஆறுகளுக்குத் தரம் கொடுக்கிறார்கள். மூன்றாம் தரம் என்றால் தூண்டிலில் பிடித்த அத்தனை மீனையும் திரும்ப விட்டாக வேண்டும். காவிரியில் பிலிகுண்டுலுவிலிருந்து ஒகேனக்கல் வரை உள்ள கூன்முதுகு மஹ்சீரை (பெரிதாக வளரும் கெண்டை வகை மீன்) அதேபோல் எண்ண முடியுமா? முட்டைக்குழி எண்ணுவது, மின்சாரம் பாய்ச்சிப் பிடிப்பது, இவை இரண்டும் எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கல்லூரி மாணவர்களுக்காகக் கேட்கிறேன்.

அஞ்செட்டிக்காரர்:
முட்டைக்குழிக் கணக்கு இங்கே ஆகாதுங்க. பெண் சால்மன் வாலால் கூழாங்கல்லைப் பறித்து, முட்டையிட்டு மூடும். பறித்த இடம் பாசி நீங்கி வெளிறித் தெரிவதால் கரையில் நடந்தே எண்ணிவிடலாம். மஹ்சீர் முட்டையிடும் இடம் அப்படிக் கண்ணில் படாது. அது முட்டையிடும் மழைக்காலத்தில் ஆறும் கலங்கி ஓடும்.

மின்சாரத்தால் மீனைச் சற்று நேரம் மயக்கிப் பிடிக்கும் முறை, முழங்கால் ஆழ ஓடையில் குஞ்சுகளை எண்ணத்தான் சரி. மேலும் கீழும் தடுப்பு வலை கட்டி, ஒரே அளவு உழைப்பில் இரண்டு மூன்று சுற்று பிடிப்பார்கள்; பிடித்ததை எல்லாச் சுற்றும் முடியும்வரை திரும்ப விடமாட்டார்கள். முதல் சுற்றில் 60, இரண்டாவதில் 24 என்றால், 60-ஐ 60-ஆல் பெருக்கி, இரண்டின் வித்தியாசமான 36-ஆல் வகுத்தால் 100 வரும். அதுதான் அந்தத் துண்டில் உள்ள மீன் மதிப்பீடு. இரண்டாம் சுற்றில் முதல் சுற்றுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ பிடிபட்டால் கணக்கே நிற்காது. பெரும்பாலும் வலை அடியில் இடைவெளி இருந்திருக்கும், அல்லது தண்ணீர் கலங்கியிருக்கும். ஒகேனக்கல் மடுக்களின் ஆழத்தில் இதற்கு வழியே இல்லை. அனுமதியில்லாமல் ஆற்றில் மின்சாரம் விடுவது குற்றம் என்பதையும் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மடு_பார்வை:
இங்கே பொருந்துவது, எத்தனை மணிநேரத்தில் எத்தனை மீன் பிடிபட்டது என்று எழுதிவைக்கும் பிடிப்புப் பதிவேடுதான். ஆனால் அதைத் தப்பாகப் படித்தால் ஆபத்து. கர்நாடகப் பக்கம் காலிபோர் தூண்டில் முகாமின் 1998–2012 பதிவுகளைப் பாருங்கள். மணிக்குக் கிடைத்த மீன் கூடியது, சராசரி எடை குறைந்தது. கூடியது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர். நம் கூன்முதுகு மஹ்சீர் சரிந்துகொண்டிருந்தது. வெறும் ‘மஹ்சீர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஆறு செழிப்பாக இருப்பதாகவே தோன்றியிருக்கும். 2018-இல் கூன்முதுகு மஹ்சீர், ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அதனால் தலை உயர்ந்து கூனும் இடமும் துடுப்பு நிறமும் தெரிகிற பக்கவாட்டுப் படம் ஒவ்வொரு மீனுக்கும் கட்டாயம். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், உழைத்த மணிநேரம், வலைக்கண் அளவு, அன்றைய பிலிகுண்டுலு நீர்வரத்துக் கன அடி எல்லாம் வேண்டும். மீனே கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். அதை விட்டால் சராசரி பொய்யாக ஏறிவிடும். கோடையில் மீன்கள் நாலைந்து மடுவில் ஒடுங்கும்போது ஆற்றில் மொத்த மீன் குறைந்தாலும் மணிக்குக் கிடைக்கும் மீன் குறையாது. எனவே கோடைப் பதிவைக் கோடையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

பென்னாகரம்_ஆறு:
அப்படியானால் மாணவர்களே தூண்டில் போடலாமா?

மடு_பார்வை:
கூடாதுங்க. 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்ட பகுதி இது. எழுத்து அனுமதி இல்லாமல் தூண்டிலைத் தொடவேண்டாம். உரிமத்தோடு வலை போடும் பரிசல்காரர்கள் கரைக்குக் கொண்டுவருவதை அளந்தாலே போதுமான வேலை இருக்கிறது. உயிரோடு இருக்கும் மீனை ஈரத் துணியில், நிழலில் அளந்து, உடனே ஓடும் நீரில் தலையை எதிர்நீச்சல் பக்கம் வைத்து விடச் சொல்லுங்கள்.