மூன்று மைல் ஜல்லிச் சாலை, ஆண்டுக்கு இருபத்தோராயிரம் டாலர்: முதலில் எதைச் செய்வது?

பைன்காட்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், டெஷூட்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது), நகரத்திலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், பைன் மரங்களுக்கு நடுவே 41 வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பில் ஐந்து ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் சாலைகள் பொதுச் சாலைகள்தாம். ஆனால் கவுண்டி பராமரிக்கும் பட்டியலில் அவை இல்லை. இவற்றை இங்கே 'லோக்கல் ஆக்சஸ் ரோடு' என்கிறார்கள். இவற்றைப் பழுதுபார்க்கும் பொறுப்பு கவுண்டிக்கு இல்லை என்று மாநிலச் சட்டமே கூறுவதால், குடியிருப்போர் பல ஆண்டுகளுக்கு முன்பே சாலைப் பராமரிப்புக்கென ஒரு ரோடு டிஸ்ட்ரிக்ட் என்ற உள்ளாட்சி அமைப்பை ஏற்படுத்தி, சொத்து வரியோடு சேர்த்துத் தங்களுக்குத் தாங்களே வரி விதித்துக்கொண்டார்கள். அதை நடத்தும் மூன்று கமிஷனர்களில் ஒருவர் ஊர் மாறிச் சென்றுவிட்டதால், கூட்டத்திற்குத் தவறாமல் வந்த ஒரே குற்றத்திற்காக அந்த இடத்தில் என்னை அமர்த்திவிட்டார்கள்.

நிலைமை இதுதான். எங்கள் டிஸ்ட்ரிக்டில் உள்ள சொத்துகளின் வரி மதிப்பு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் டாலர், ஆயிரத்துக்கு 1.80 டாலர் வீதம் ஆண்டுக்கு 21,600 டாலர் வருகிறது. மூன்று மைல் சாலை, அகலம் 16 அடி. கோடையில் வரிவரியாக மேடுபள்ளம் விழுந்து வண்டியின் திருகாணிகள் கழன்றுவிடும் அளவுக்கு அதிர்கிறது. புழுதியோ சொல்லி மாளாது. மார்ச் மாதத்தில் பனி உருகும்போது இரண்டு இடங்களில் சாலை சேற்று வயல் போலாகிவிடுகிறது. சாலையின் கடைக்கோடியில் வசிக்கும் ஒரு பெரியவர், தம் வீட்டுப் பக்கம் பத்து ஆண்டுகளாக ஜல்லியே விழவில்லை என்று கணக்கோடு வந்து நிற்கிறார். அவர் சொல்வது உண்மைதான். உடன் பணியாற்றும் கமிஷனர் ஒருவரிடம் பின்புறம் பெட்டி பிளேடு (மண்ணைச் சீவி இழுக்கும் பெட்டி வடிவத் தகடு) பூட்டிய டிராக்டர் இருக்கிறது. மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் தாமே சமன்படுத்தித் தருவதாகக் கூறுகிறார். அவர் நல்ல மனிதர்; எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. முதல் ஆண்டில் நான் எதில் கை வைப்பது, எதில் கை வைக்காமல் இருப்பது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாவேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

வணக்கம் நண்பரே. இதே ஒரேகனில் வேறொரு கவுண்டியில் ஆறு ஆண்டுகள் இந்தப் பதவியில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சாலையைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள். நான் காகிதத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது, இதை ஓர் அக்கம்பக்கத்துச் சங்கமாகவே நீங்கள் கருதுவது போலத் தோன்றியது. வரி வசூலிக்கும் அமைப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது அரசாங்கம்தான். மூவர் குழுவில் இருவர் சேர்ந்தாலே கூட்டம் நடத்தத் தேவையான எண்ணிக்கை நிறைந்துவிடுகிறது. ஆகவே நீங்களும் டிராக்டர்க்காரரும் அஞ்சல்பெட்டி அருகே நின்று, எந்தப் பள்ளத்தை முதலில் நிரப்பலாம் என்று பேசி முடிவுக்கு வந்தால், அது அறிவிப்பின்றி நடந்த கூட்டம் ஆகிவிடும். மின்னஞ்சலில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசி முடிவெடுப்பதும் அப்படியே. 2023ஆம் ஆண்டின் சட்டத்திருத்தத்திற்குப் பிறகு இத்தகைய புகார்களை மாநில அரசு நெறிமுறை ஆணையமே விசாரிக்கிறது. கூட்டத் தேதியைக் குறிப்பது போன்றவற்றைப் பேசலாம். சாலையைப் பற்றிய முடிவுகளைப் பேசக்கூடாது. அண்டை வீட்டாரிடம் வாய் திறக்க அஞ்சி நான் நடைப்பயிற்சியின் திசையையே மாற்றிக்கொண்ட காலம் உண்டு.

அடுத்தது டிராக்டர். அவருக்குப் பணம் போகும் எந்த முடிவிலும் அவர் தம் ஆதாய முரணை, அதாவது அதில் தமக்குச் சொந்த ஆதாயம் இருப்பதை, கூட்டத்தில் வெளிப்படையாக அறிவித்து, அது குறிப்பேட்டில் பதிவாகி, விவாதத்திலிருந்தும் வாக்கெடுப்பிலிருந்தும் விலகியிருக்க வேண்டும். அப்போது மீதமுள்ள இருவரும் ஒரே பக்கம் வாக்களித்தால்தான் தீர்மானம் நிறைவேறும். அதாவது, அவருக்கு வேலை கொடுப்பதா என்ற சுமை முழுவதும் உங்கள் தலையிலும் மூன்றாமவர் தலையிலும் விழும். வெளியாட்கள் இருவரிடமாவது எழுத்தில் விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்ளாமல் அந்த முடிவை எடுக்காதீர்கள். அவருடைய வண்டிக்கான காப்பீடு கூலிக்குச் செய்யும் வேலையை ஏற்குமா என்பதையும் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை பட்ஜெட்டில்தான் நிகழ்கிறது. நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. அதற்கு முன் நீங்கள் மூவரும், டிஸ்ட்ரிக்டில் வாழும் வாக்காளர்கள் மூவரும் சேர்ந்த பட்ஜெட் குழு கூடி, முறைப்படி அறிவிப்பு வெளியிட்டு, பொது விசாரணை நடத்தி, ஜூன் 30க்குள் தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 15க்குள் வரி விதிப்புப் படிவத்தைக் கவுண்டி மதிப்பீட்டாளரிடம் சேர்த்தாக வேண்டும். இதில் கோட்டைவிட்டால் அந்த ஆண்டு வரியையே இழக்க நேரிடலாம். நான் பதவிக்கு வந்த ஆண்டில் ஆறு பேரைத் திரட்டவே நாக்குத் தள்ளியது. மூன்றாவது உறுப்பினரை அவர் வீட்டு வாசலில் ஆப்பிள் பையோடு போய்த்தான் சம்மதிக்க வைத்தேன்.

இன்னொன்று. 1997இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய மெஷர் 50 என்ற சொத்து வரிக் கட்டுப்பாடு உங்கள் நிரந்தர வரி வீதத்தை உறைய வைத்துவிட்டது. வாக்காளர்கள் விரும்பினாலும் அதை உயர்த்த முடியாது. புதுக் கட்டடங்கள் நீங்கலாக, வரி மதிப்பும் பொதுவாக ஆண்டுக்கு 3 விழுக்காட்டுக்கு மேல் ஏறாது. ஜல்லி விலையும் டீசல் விலையும் அந்த 3 விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. கூடுதல் பணம் வேண்டுமென்றால் வாக்கெடுப்பின் வழியாகத் தற்காலிக வரி கேட்கலாம். பராமரிப்புச் செலவுக்கு அதன் ஆயுள் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். முதல் ஆண்டிலேயே அதைக் கேட்டு நிற்காதீர்கள். செய்த வேலையைக் காட்டிவிட்டுக் கேளுங்கள்.

கப்பிரோடு எழுதியது:

ஐயா, நான் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். தற்போது கொலராடோவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவர்கள் சாலையும் ஜல்லிச் சாலைதான் என்பதால் பொழுது நன்றாகவே போகிறது.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். 16 அடி அகலத்தில் ஒரு மைல் நீளத்திற்கு இரண்டு அங்குலக் கனத்தில் ஜல்லி பரப்பினால் ஏறத்தாழ 520 கன கஜம் வேண்டும். எடையில் சுமார் 750 டன். கொண்டுவந்து இறக்க டன்னுக்கு 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் 22,500 டாலர். உங்கள் ஓராண்டு வருமானம் முழுவதையும் கொட்டினாலும் ஒரு மைலுக்கு இரண்டு அங்குலம் பரப்பக்கூடப் போதாது. கடைக்கோடிப் பெரியவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆகவே இருக்கும் ஜல்லியைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. புது ஜல்லி வாங்குவது கடைசி வேலை.

இருக்கும் ஜல்லி எங்கே போகிறது? பாதி, ஓரத்தில்தான் கிடக்கிறது. சக்கரங்கள் ஒதுக்கித் தள்ளியதும், பனி அகற்றும் வண்டி வழித்துக் கொண்டுபோனதும் சேர்ந்து சாலையின் இரு விளிம்பிலும் ஒரு வரப்புப் போல உயர்ந்திருக்கும். அந்த வரப்பு, மழைநீரும் பனிநீரும் பக்கவாட்டில் இறங்க விடாமல் தடுத்து, சாலையையே வாய்க்காலாக்கிவிடுகிறது. நல்ல மோட்டார் கிரேடரும் (நடுவே நீண்ட தகடு கொண்ட, சாலையைச் சமன்படுத்தும் வண்டி) கை தேர்ந்த ஓட்டுநரும் வந்தால், அந்த வரப்பை வெட்டி, அதிலுள்ள ஜல்லியை நடுவுக்குக் கொண்டுவந்து, கேம்பரை, அதாவது நடுவிலிருந்து விளிம்பு நோக்கிய சரிவை, மீட்டுத் தருவார்கள். ஜல்லிச் சாலைக்குக் கேம்பர் 4 விழுக்காடு வேண்டும். உங்கள் 16 அடிச் சாலையில் விளிம்பைவிட நடு முதுகு நான்கு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும் என்று பொருள். ஒரு நூலும் மட்டக்கோலும் இருந்தால் நீங்களே ஒரு மாலையில் அளந்துவிடலாம். பல இடங்களில் நடு தாழ்ந்தும் விளிம்பு உயர்ந்தும் இருப்பதைக் காண்பீர்கள் என்றே எண்ணுகிறேன்.

டிராக்டரின் பெட்டி பிளேடு வீட்டு வழிக்கு ஏற்றது. மூன்று மைலுக்கு அன்று. அது மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தூவிவிடும். பார்க்க அழகாக இருக்கும். பத்து நாளில் அதே இடத்தில் அதே மேடுபள்ளங்கள் திரும்பிவிடும். ஏனெனில் பள்ளத்தின் அடி வரைக்கும் வெட்டிக் கிளறி, ஈரத்தோடு திரும்பப் பரப்பினால்தான் அது மறுபடியும் இறுகும். காய்ந்த ஜூலையில் சமன்படுத்துவது வீண். நுண்தூள் காற்றில் பறந்துவிடும், கல் மட்டும் உருண்டுகொண்டிருக்கும். வசந்தத்தில் மண் பதமாக இருக்கும்போது ஒரு முறை, இலையுதிர் காலத்து முதல் மழைக்குப் பின் ஒரு முறை, இந்த இரண்டிற்கு மட்டும் பணம் ஒதுக்குங்கள்.

மார்ச் சேறு வேறு கதை. மேல் மண் முதலில் உருகுகிறது. அடி மண் இன்னும் உறைந்தே இருப்பதால் நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிச் சாலையைக் கூழாக்குகிறது. அந்த மூன்று நான்கு வாரங்களில் ஜல்லி லாரியையோ விறகு லாரியையோ உள்ளே விட்டால், ஓராண்டுத் தேய்மானம் ஒரே நாளில் நடந்துவிடும். அந்த இரண்டு இடங்களிலும் பக்க வாய்க்கால் இருக்கிறதா, இருந்தால் அதன் அடி சாலையின் அடியைவிடத் தாழ்ந்திருக்கிறதா, சாலைக்கு அடியில் நீரைக் கடத்தும் கல்வெர்ட் குழாயின் வாய் அடைபட்டிருக்கிறதா என்று பனி உருகும் நாளிலேயே காலணியோடு இறங்கிப் பாருங்கள். நீர் எந்த வழியாக வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும். வாய்க்கால் தோண்டுவதற்கு முன் 811க்கு அழைத்து, புதைந்துள்ள கம்பிகளையும் குழாய்களையும் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

என்றாவது ஜல்லி வாங்கும்போது, குவாரியில் கழுவிய சுத்தமான ஜல்லியைக் கேட்காதீர்கள். மேற்பரப்புக்குக் கல்தூளும் சிறிது களிமண்ணும் கலந்த சரக்குத்தான் பிடிப்புத் தரும். அங்கே 'முக்கால் இஞ்ச் மைனஸ்' என்று கேட்டால் தூளோடு சேர்த்துக் கொடுப்பார்கள். அதிலும் குவாரிக்குக் குவாரி வேறுபாடு உண்டு. கையில் ஈரமாகப் பிடித்துப் பார்த்துப் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று அறிந்து வாங்குங்கள்.

செம்மலைச்சரிவு எழுதியது:

நான் கலிபோர்னியாவில், டிஸ்ட்ரிக்ட் எதுவும் இல்லாத தனியார் சாலையில் வசிக்கிறேன். இங்கே குடிமைச் சட்டத்தின் 845ஆம் பிரிவு, ஒரு வழியைப் பயன்படுத்தும் உரிமையுள்ளவர்கள் அனைவரும் அதைப் பேண வேண்டும், உடன்படிக்கை இல்லாவிடில் பயன்பாட்டின் விகிதப்படி செலவைப் பகிர வேண்டும் என்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்காதவரிடம் வாங்க நீதிமன்றம்தான் போக வேண்டும்; வாரம் ஒரு முறை வருபவரின் விகிதம் என்ன என்று எங்கள் பதினொரு வீட்டார் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். வரிச் சீட்டோடு பணம் தானாக வந்து சேரும் உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை கூறியதில் ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாவற்றையும் காகிதமாக்கினால் உழைக்க வரும் நான்கு பேரும் விலகிவிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் குடிமராமத்தில் ஆயக்கட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு பங்கு வேலை செய்து வாய்க்கால் தூர்வாரியதைப் போல, கூலியில்லாத வேலைகளைத் தனியே பிரித்துவிடலாமே? குழாய் வாயில் சேர்ந்த பைன் ஊசிகளை அள்ளுவதற்கும், சாலையோரக் கிளைகளை வெட்டுவதற்கும் மண்வெட்டி போதும். டிராக்டர்க்காரரின் ஆர்வத்தையும் அங்கே திருப்பிவிடலாம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதை நான் மறுக்கவில்லை. பணம் கைமாறாத வேலையில் ஆதாய முரண் என்ற சிக்கலே எழுவதில்லை. ஆனால் தன்னார்வலர்களுக்கும் காப்பீடு பொருந்துகிறதா என்று காப்பீட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். மரம் வெட்டும் இயந்திர ரம்பத்தை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

பைன்காட்டுவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை நூல் பிடித்து ஏழு இடங்களில் அளந்தேன். இரண்டு இடங்களில் மட்டுமே நடுப்பகுதி விளிம்பைவிட உயரம், அதுவும் ஓர் அங்குலந்தான். விளிம்பு வரப்பைக் காலால் கிளறியபோது, கப்பிரோடு ஐயா கூறியபடியே, பழைய ஜல்லி ஒரு சாண் ஆழத்திற்குக் கிடந்தது. கடைக்கோடிப் பெரியவரையும் உடன் அழைத்துச் சென்றிருந்தேன்; அவர் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, தம் ஜல்லி பத்து ஆண்டுகளாக இங்கேதான் இருந்திருக்கிறது என்றார்.

அடுத்த கூட்டத்திற்கான அறிவிப்பை ஒட்டிவிட்டேன். இரண்டு கிரேடர் ஒப்பந்தக்காரர்களிடம் வசந்தம், இலையுதிர் காலம் என இரு முறைக்கும் விலைப்புள்ளி கேட்டிருக்கிறேன். டிராக்டர்க்காரரிடம் இதைப் பற்றி எதுவும் பேசவில்லை. எதிரே வந்தபோது வானிலையைப் பற்றி மட்டும் பேசினோம். பெரியவர் பட்ஜெட் குழுவில் சேரச் சம்மதித்திருக்கிறார். இன்னும் இருவர் வேண்டும்.