வள்ளி கும்மிக்கு உரிமை கோரிய இயந்திரம்: பொய்ப் புகாருக்கு யார் விலை கொடுப்பது?

கோபி பஸ்காரன் எழுதியது:

பஸ் ஓட்டும் கேம்களைத் தமிழில் பேசிக்கொண்டே ஓட்டிக் காட்டும் யூடியூப் சேனல் என்னுடையது. பஸ்ஸின் வண்ணத்தை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி கேமில் இருப்பதால், சத்தி ரோட்டில் ஓடும் தனியார் பஸ் மாதிரியே பக்கவாட்டுக் கோடு, ஊர்ப்பெயர்ப் பலகை, பின்கண்ணாடியில் குலதெய்வத்தின் பெயர் எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். அண்மையில் திம்பம் மலைப்பாதையை ஒத்த வரைபடத்தில் ஓட்டிய வீடியோவை ஏற்றினேன். 27 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒருவன் வாய் ஓயாமல் பேச முடியாது அல்லவா? நடுவில், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் விழாவில் என் போனில் பதிவு செய்த வள்ளி கும்மியைப் பின்னணியில் ஓடவிட்டேன்.

ஏற்றி முடித்த கையோடு அறிவிப்பு வந்துவிட்டது. அந்த ஒலி ஏதோ ஓர் ஆடியோ நிறுவனத்துக்குச் சொந்தமாம்; விளம்பர வருமானம் இனி அவர்களுக்காம். பாடியவர் எங்கள் ஊர்க் கும்மி ஆசிரியர். பாட்டு தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்தது. பதிவு என்னுடையது. இதில் அந்த நிறுவனத்தின் பங்கு எது?

மறுப்புத் தெரிவிக்கலாம் என்கிறார்கள். அந்த மறுப்பைப் படித்துத் தீர்ப்புச் சொல்வது யார் என்று பார்த்தால், உரிமை கோரிய அதே நிறுவனம்தான்! அவர்கள் நிராகரித்து, நான் மேல்முறையீடு செய்து, அவர்கள் வீடியோவையே நீக்கச் சொல்லிவிட்டால் என் சேனலுக்கு ஸ்டிரைக், அதாவது விதிமீறல் என்று ஒரு கரும்புள்ளி. இதற்கு நியாயம் என்று பெயர் வைத்தவர் யார்?

பீளமேடு நிரலாளர் எழுதியது:

உங்கள் கும்மிக்கு நடந்தது அநியாயம்தான். அதை வைத்து ஏற்பாடு முழுவதையும் அநியாயம் என்று சொல்ல வேண்டாம். நானும் நண்பர்களுமாகச் சின்ன அளவில் மொபைல் கேம் செய்கிறோம். எங்கள் கேம் வெளியான சூடு ஆறுவதற்குள், விளம்பரங்களைக் கழற்றி, நாணயங்களை வரம்பில்லாமல் ஆக்கிய திருட்டுக் கோப்பு டெலிகிராம் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இன்னொருவர் ஐகானின் நிறத்தை மட்டும் மாற்றி, பெயருக்குப் பின்னால் 'புரோ' என்று ஒட்டி, வேறோர் ஆப் கடையில் விற்பனைக்கே வைத்துவிட்டார். எங்கள் குழுவில் ஒருவர் கேமுக்குள் மரத்தடியில் தன் வீட்டு நாயை வரைந்து வைத்திருந்தார். அந்த நாயும் அப்படியே அங்கே படுத்திருந்தது.

வழக்குப் போட எங்களிடம் காசும் இல்லை, காலமும் இல்லை. ஒரு சின்ன கேம் ஓடுவதே சில மாதங்கள். வாய்தா வாங்குவதற்குள் அதன் கதை முடிந்துவிடும். திருட்டை நீக்கச் சொல்லித் தளங்களுக்கு அனுப்பும் புகார்ப் படிவம் ஒன்றுதான் எங்களுக்கு ஆயுதம். அதையும் பிடுங்கிவிட்டு நியாயம் பேசினால் எப்படி?

இன்னொன்று. யூடியூப் நிறுவனமே வெளியிட்ட கணக்குப்படி, 2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில், ஏற்றும் வீடியோக்களில் பிறருடைய ஒலியோ காட்சியோ இருக்கிறதா என்று தானாகத் தேடும் அதன் கன்டென்ட் ஐடி வழியாக 72 கோடிக்கும் மேற்பட்ட உரிமைகோரல்கள் எழுந்தன. அவற்றில் மறுக்கப்பட்டவை சுமார் 37 லட்சம், அரை சதவீதம். மற்றவர்கள் வாய் திறக்கவே இல்லை.

கோபி பஸ்காரன் எழுதியது:

அதே கணக்கின் அடுத்த வரியையும் படியுங்கள், அக்கா. மறுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு வீடியோ ஏற்றியவர் பக்கமே முடிவு வந்தது. அதாவது, துணிந்து கேட்டவர்களில் பாதிக்கும் மேல் நியாயம் இருந்தது. 22 லட்சம் தவறான கோரல்கள் உங்களுக்குச் சின்ன எண்ணா? மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நினைக்கிறீர்கள்? குற்றத்தை ஒப்புக்கொண்டா? என்னைப் போன்ற சேனலுக்கு மாதம் வருவது போன் ரீசார்ஜுக்கும் இன்டர்நெட் கட்டணத்துக்கும் சரியாகப் போய்விடும். அதற்காக, 90 நாள்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனலே போய்விடும் என்ற கத்தியின் கீழ் யார் தலையை நீட்டுவார்கள்?

பவானி ஜமக்காளம் எழுதியது:

தம்பி, நகல் என்றால் என்னவென்று எங்கள் ஊரில் வந்து கேளுங்கள். ஜமக்காளம் கைத்தறிக்கே என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒதுக்கீடு இருக்கிறது. புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும், விசைத்தறியில் அடித்த விரிப்பைப் பவானி ஜமக்காளம் என்று விற்கிறார்கள். வாங்குபவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போகிறார். குழித்தறியில் இறங்கி உட்கார்ந்து நெய்பவருக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகள் பெருந்துறைக்கும் திருப்பூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். சட்டம் இருந்து என்ன, அமல்படுத்த வேகம் வேண்டாமா? அந்த அம்மணி சொல்வதில் அர்த்தம் இருக்கிறது.

கோபி பஸ்காரன் எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதிலேயே எனக்கு வேண்டிய பதில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி அமலாக்க அதிகாரி தறி இருக்கும் இடத்துக்கு வந்து, என்ன நெய்கிறார்கள் என்று கண்ணால் பார்த்த பிறகுதானே நடவடிக்கை? போட்டிக் கடைக்காரர் ஒரு படிவத்தை நிரப்பினார் என்பதற்காக ஒருவரின் தறியை நிறுத்தி, அன்றைய கூலியைப் புகார் கொடுத்தவர் கையில் கொடுப்பதில்லையே. இங்கே நடப்பது அதுதான்.

பெருந்துறை வழக்கறிஞர் எழுதியது:

இரண்டு தரப்பும் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்புகின்றன. கோபி தம்பிக்கு வந்தது உரிமைகோரல். அது எந்தச் சட்டத்திலும் இல்லை. தளத்துக்கும் பெரிய உரிமையாளர்களுக்கும் இடையிலான ஏற்பாடு. கன்டென்ட் ஐடி 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. பீளமேட்டுச் சகோதரி போன்ற சிறியவர்களுக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை. அவர் பயன்படுத்தும் நீக்கல் அறிவிப்பு, அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து வருவது. ஸ்டிரைக் விழுவது இதனால்தான்.

நம் நாட்டுச் சட்டம் இதைவிட நிதானமானது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவையும் 2013ஆம் ஆண்டு விதிகளில் 75ஆவது விதியையும் சேர்த்துப் படித்தால், எழுத்துமூலம் புகார் வந்ததும் இடைநிலையாளர், அதாவது தளம், 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும். ஆனால் 21 நாள்களுக்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். வழக்குத் தொடர்வேன் என்று புகார்தாரர் உறுதிமொழியும் தர வேண்டும். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 60ஆவது பிரிவின் கீழ் மிரட்டப்பட்டவரே வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம். விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் 52ஆவது பிரிவிலேயே இடம் உண்டு. சிக்கல் என்னவென்றால், தளங்கள் உலகம் முழுவதற்கும் தங்கள் சொந்த விதியையே நடத்துகின்றன. 21 நாள் கணக்கு அங்கே எடுபடுவதில்லை.

தம்பியிடம் ஒரு கேள்வி. பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம். பாடிய ஆசிரியருக்கு 38ஆவது பிரிவின்படி நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. அவரிடம் அனுமதி வாங்கினீர்களா?

கோபி பஸ்காரன் எழுதியது:

வாங்கினேன் ஐயா. கோடு போட்ட நோட்டுத்தாளில் கைப்பட எழுதி, கீழே குழுவின் ரப்பர் முத்திரையையும் குத்திக் கொடுத்தார். முத்திரை பாதிதான் பதிந்தது என்று இன்னொரு முறையும் குத்தினார். மறுப்புப் படிவத்தில் அதை இணைக்க இடமே இல்லை. தட்டச்சு செய்ய ஒரு கட்டம் மட்டும்தான். வள்ளி கும்மிக்காகப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தது நாடு. அந்தக் கலையைப் பாடும் குரல் யாருடையது என்று ஓர் இயந்திரத்துக்குச் சொல்ல எனக்கு வழியில்லை.

பீளமேடு நிரலாளர் எழுதியது:

கும்மி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் உங்கள் வீடியோவில் கும்மி சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் ஓடுவது வேறு யாரோ எழுதிய கேம். அந்தக் காட்சி, சாலை, மரம், என்ஜின் சத்தம் எல்லாம் ஒருவரின் உழைப்பு. கேம் நிறுவனங்கள் கண்டுகொள்ளாமல் விடுவதால்தான் உங்கள் சேனல் நிற்கிறது. ஜப்பானிய கேம் நிறுவனமான நின்டெண்டோ 2015இல் ஒரு திட்டம் கொண்டுவந்து, பதிவு செய்துகொண்ட வீடியோக்காரர்களின் விளம்பர வருமானத்தில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது. கடும் எதிர்ப்புக்குப் பிறகு 2018 இறுதியில்தான் கைவிட்டது. அந்தப் பங்கைக் கேட்டதே தவறு என்று எனக்குத் தோன்றவில்லை.

கோபி பஸ்காரன் எழுதியது:

பின் ஏன் கைவிட்டார்கள்? வீடியோ பார்த்துத்தான் பலர் கேம் வாங்குகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியும். உங்கள் கேமை யாராவது தமிழில் ஓட்டிக் காட்டினால் நீங்கள் புகார் கொடுப்பீர்களா, இனிப்பு வாங்கிக் கொடுப்பீர்களா?

பீளமேடு நிரலாளர் எழுதியது:

இனிப்புத்தான். ஆனாலும் அதை முடிவு செய்ய வேண்டியது நான். நீங்கள் இல்லை.

கிராஸ்கட் ரோடு கடைக்காரர் எழுதியது:

வீடியோவோடு நிற்கவில்லை இந்த வியாதி. கன்சோலுக்கும் வந்துவிட்டது. ஸ்விட்ச் 2 கன்சோல் வெளியான 2025 ஜூன் மாதமே, கேம்களைப் படியெடுத்து ஓடவைக்கும் அட்டைகளைச் செருகியவர்களின் கன்சோலுக்கு இணைய வசதியை நின்டெண்டோ நிறுத்திவிட்டது. கணக்கை முடக்கினால் புரிந்துகொள்ளலாம். முடக்கியது பெட்டியை. காசு கொடுத்து வாங்கிய தன் சொந்தக் கேமை அந்த அட்டையில் படியெடுத்து வைத்திருந்தேன் என்று சொன்னவர்களும் அதில் சிக்கினார்கள். அப்படி முடங்கிய பெட்டியை விவரம் சொல்லாமல் கைமாற்றி விட்டால், அடுத்து வாங்குபவர் என்ன பாவம் செய்தார்? நம் நாட்டில் அந்த நிறுவனம் அதிகாரபூர்வமாக விற்பதே இல்லை, முறையிடப் போக வாசல் கிடையாது. இப்போதெல்லாம் பழைய கன்சோல் எது வந்தாலும் கடை வைஃபையில் இணைத்து, அதன் ஆன்லைன் கடை திறக்கிறதா என்று பார்க்காமல் நான் பணப்பெட்டியைத் தொடுவதில்லை. விற்க வந்தவர் முகம் மாறினாலே பாதி தெரிந்துவிடும்.

பெருந்துறை வழக்கறிஞர் எழுதியது:

கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், இழந்துவிடாமல் இருக்கப் பாதுகாப்புப் படி எடுத்துக்கொள்ள 52ஆவது பிரிவு அனுமதிக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவும், பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. நோக்கத்தைப் பார்க்கும் வேலை நீதிமன்றத்துடையது. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளுக்கு அது தெரியாது.

கோபி பஸ்காரன் எழுதியது:

நான் சுற்றிச் சுற்றிச் சொல்வது இதுதான். 2022 மார்ச்சில், டெஸ்டினி 2 என்ற கேமை உருவாக்கிய பங்கி நிறுவனத்தின் பெயரில் ஒருவர் போலி மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, அந்தக் கேமின் வீடியோக்கள் மீது பொய்ப் புகார்களை அள்ளி வீசினார். ரசிகர்களின் வீடியோக்கள் மட்டுமல்ல, பங்கியின் சொந்த வீடியோக்களே நீக்கப்பட்டன. சொந்தப் பெயரில் வந்த பொய்யை நிறுத்த அவர்களே வழக்குப் போட வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, 2019இல், மைன்கிராஃப்ட் வீடியோக்காரர்களிடம் ஸ்டிரைக் போடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்ட ஒருவர் மீது யூடியூபே வழக்குத் தொடுத்தது. அவர் 25,000 டாலர் கொடுத்து மன்னிப்புக் கேட்டு ஒதுங்கினார். பங்கிக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது, யூடியூபுக்கும் இருக்கிறது. கோபியில் இருப்பவன், நீக்கியது தவறு என்று எதிர் அறிவிப்புக் கொடுத்தால், அவனுடைய பெயரும் வீட்டு முகவரியும் புகார் கொடுத்தவர் கைக்கே போகும். அந்த மிரட்டல்காரர் விஷயத்திலும், எதிர் அறிவிப்பின் வழியாக முகவரியைத் தெரிந்துகொண்டார் என்பது யூடியூபின் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

பவானி ஜமக்காளம் எழுதியது:

அட, முகவரியையா கொடுக்கிறார்கள்? இது எனக்குத் தெரியாது தம்பி. பொம்பளைப் பிள்ளைகள் சேனல் நடத்தினால் என்ன செய்வார்கள்?

பீளமேடு நிரலாளர் எழுதியது:

புகார் கொடுக்கும்போது நானும் முகவரியை எழுதித்தான் கொடுக்கிறேன் ஐயா. நானும் பெண்தான். என் கேமைத் திருடி விற்றவர் மட்டும் ஒரு புனைபெயரில் சுகமாக இருக்கிறார்.

கோபி பஸ்காரன் எழுதியது:

சரி, எனக்கு வேண்டியது இரண்டே ஏற்பாடு. ஒன்று, மறுப்பைப் புகார் கொடுத்தவர் அல்லாத ஒரு மனிதர் படிக்க வேண்டும். இரண்டு, திரும்பத் திரும்பத் தோற்கும் நிறுவனத்துக்கு அந்தத் தானியங்கி வசதியை நிறுத்திவைக்க வேண்டும். எங்களுக்கு மூன்று ஸ்டிரைக் என்றால் அவர்களுக்கும் ஓர் எண் இருக்கட்டும். ஒவ்வொரு புகாருக்கும் முன்பணம் கட்டச் சொன்னாலும் நல்லதுதான்.

பீளமேடு நிரலாளர் எழுதியது:

முதல் இரண்டுக்கும் என் கையெழுத்து உண்டு. முன்பணத்துக்கு மாட்டேன். பெரிய ஆடியோ நிறுவனத்துக்கு அது ஒரு நாள் தேநீர்ச் செலவு; முதலில் நின்றுபோவது என்னுடைய புகார்தான். அந்த 'புரோ' ஆப் இன்னும் விற்பனையில் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், நாய்க்குத் தொப்பி வைத்து ஒரு புதிய பதிப்பு விட்டிருக்கிறார்கள்.