எஞ்சின் ஓடுது, வெல்டிங் கரண்ட் வரவில்லை

மாங்குளத்தான்:
மாரி முழுக்க கொட்டிலில் கிடந்த வெல்டிங் ஜெனரேட்டர், எஞ்சின் நன்றாக ஓடுகிறது, ஆனால் வெல்டிங் ராட் பிடிக்கும் ஹோல்டரிலும் கரண்ட் இல்லை, 230 வோல்ட் பிளக்கிலும் மீட்டர் 3 வோல்ட்தான் காட்டுது. கேற் வேலை பாதியில் நிற்குது.

குளக்கட்டு:
3 வோல்ட் வருதென்றால் ரோட்டரில் (உள்ளே சுழலும் காயில் பகுதி) காந்தம் மிச்சம் இருக்கு தம்பி. எஞ்சினை நிறுத்திப்போட்டு, ரோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷைக் கழற்றிப் பார், அது உரசுகிற ஸ்லிப் ரிங் வளையத்தில் களிம்பு பிடித்திருந்தால் நைஸ் மணல்தாளால் துடை.

வயர்மேன்:
அண்ணை சொன்னது சரி. அதிலும் வராவிட்டால் பிரஷ் வயர்களைக் கழற்றி ரோட்டர் காயிலை மீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார். அறுந்திருந்தால் சுற்றத்தான் வேணும். நல்லதென்றால் லோட் இல்லாமல் ஓடவிட்டு, பிளஸ் மைனஸ் பார்த்து 12 வோல்ட் பற்றரியைப் பிரஷுக்குக் கொஞ்ச நேரம் கொடு. அப்போது மட்டும் வோல்ட் ஏறினால் ரோட்டருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில்தான் சந்தேகம். பிரஷ் இல்லாத கப்பாசிட்டர் மாடலுக்கு இது சரிவராது.